இருபத்தெட்டுக்கு மேல் தாங்காத பெட்டி

பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்பதை ஊர் அம்மன் கங்கம்மாவே சொல்லட்டும் என்று வரதராஜன் முடித்துவிட்டார். அதற்குமேல் வேதாச்சலத்தால் வாய் திறக்க முடியவில்லை.

வரதராஜன் ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில் உரக்கடை வைத்திருந்தார். கூடவே கல்யாணக் கச்சேரிகளுக்கு மெலடி பார்ட்டி ஒன்றும் நடத்தினார். வேதாச்சலம் அந்தப் பார்ட்டியில் பதினாறு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவர். பெட்டி என்று அவர்கள் சொன்னது சவுண்ட் மாட்யூலை. சோற்றுத்தட்டு அகலத்தில் கறுப்புத் தகர உறை, முகப்பில் ஒரு சின்னப் பச்சைத் திரை, அவ்வளவுதான். அதற்கென்று கட்டைகள் கிடையாது. கீபோர்டிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும். இங்கே விரல் அமுக்கினால் அங்கே அது வயலினாகவோ நாதஸ்வரமாகவோ பம்பையாகவோ குரல் கொடுக்கும். சென்னையில் ஒரு ஸ்டுடியோக்காரர் கழித்துவிட்டதை வரதராஜன் 1996இல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பக்கத்தில் ஸ்ரீ சிட்டி என்கிற கம்பெனிப் பேட்டை வந்த பிறகு கல்யாணங்களின் முகமே மாறிவிட்டது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் நண்பனின் கல்யாணத்துக்கு வருகிறார்கள். நேற்று வெளியான பாட்டைக் கேட்கிறார்கள். போன தை மாதம் வரதய்யபாளையத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் மேடைக்கே வந்து, வயலின் சத்தம் தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனான். வேதாச்சலம் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். சொன்னது பொய்யில்லை.

திருப்பதியில் வாத்தியக்கடை வைத்திருந்த நாகபூஷணம் பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருவதாகச் சொன்னார். ஒரு வாரம் வைத்து வாசித்துப் பாருங்கள், பிடித்தால் பழையதைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று புதுப்பெட்டியைக் கையிலும் கொடுத்து அனுப்பினார். அந்த வாரத்துக்குள்தான் ரெட்டைக்குளத்துக் கூழ் வார்க்கும் திருவிழா வந்தது.

ரெட்டைக்குளம் வேதாச்சலத்தின் சொந்த ஊர், சத்தியவேட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆடி மாதம் மூன்றாம் வாரம் கங்கம்மாவுக்குக் கூழ் வார்ப்பார்கள். முன்பு செவ்வாய்க்கிழமை நடந்தது. கம்பெனிகளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிக்கொண்டாள். பம்பைக்காரர்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வருஷத்திலிருந்து பம்பை அடிப்பது பெட்டிதான். பம்பை, உடுக்கை, சிலம்பு, மணி, நாதஸ்வரம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வேதாச்சலம் ஒரு ஃபைல் செய்து வைத்திருந்தார். கோயில் முன்னால் டிராக்டர் டிரெய்லரில் கீபோர்டை வைத்துப் பொத்தானைத் தட்டினால் போதும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு, ஊரில் சாமி ஆடுகிற மணியம்மா மேல் கங்கம்மா வருவாள். வாக்குச் சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் கூழ்ப்பானையைத் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை உரக்கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் வேதாச்சலம் தனியாக உட்கார்ந்து புதுப்பெட்டியை வாசித்துப் பார்த்தார். புல்லாங்குழல் டோனைப் போட்டு ஒரு கட்டையை அமுக்கியவர், கையை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். யாரோ பக்கத்தில் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. வயலின் நூறு பேர் வாசித்த மாதிரி எழும்பியது. ஒரு மணி நேரம் சின்னப்பிள்ளை போல ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்டார். கடைசியாகப் பம்பை ஃபைலைப் போட்டார்.

சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. மூன்று முறை கேட்டார். பிறகு பழைய பெட்டியை எடுத்து ஒயரை மாற்றிச் செருகி அதே ஃபைலை ஓட்டினார். அப்போதுதான் தெரிந்தது, குறைவு புதியதில் இல்லை, பழையதில் இருந்தது என்று.

பழைய பெட்டி ஒரே நேரத்தில் இருபத்தெட்டு ஒலிகளைத்தான் தாங்கும். இருபத்தொன்பதாவது வந்தால் உள்ளே இருக்கிற ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் அது நுழையும். சினிமாப் பாட்டு வாசிக்கும்போது வேதாச்சலம் இதைக் கணக்குப் பார்த்து வாசிப்பார். பம்பை ஃபைலில் பார்க்கவில்லை. எல்லா வாத்தியமும் கூடுகிற இடத்தில் பெட்டி திணறி, பம்பையின் கனத்த அடி ஒன்றை விழுங்கிவிட்டிருந்தது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு சுற்றில் மூன்றாவது அடி, அடுத்த சுற்றில் ஏழாவது, பிறகு இரண்டு சுற்றுக்கு ஒன்றும் இல்லை. எப்போது விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதுப்பெட்டி நூற்றிருபத்தெட்டு ஒலிகளைத் தாங்கும். அது எதையும் விழுங்கவில்லை.

பெட்டி விழுங்கிய இடம் வரும்போதெல்லாம் வேதாச்சலத்தின் கண்ணுக்குள் மணியம்மாவின் இடது கால் வந்து நின்றது. பதினோரு வருஷமாகப் பார்த்த கால்தான். அடிக்கு அடி தரையில் விழுந்துகொண்டிருந்த கால், ஒரு முறை தூக்கியது தூக்கியபடியே நிற்கும். வரவேண்டிய அடி வராது. உடம்பு முன்னால் சாயும். கீழே விழப்போகிறாள் என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில் தலைமுடி அவிழும், குரல் மாறும். அம்மா வந்துவிட்டாள் என்று குலவை எழும்.

அந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கிறாள்.

அவர் பயந்தது மணியம்மாவுக்காக மட்டும் இல்லை. வாக்குக் கேட்கிற வரிசையில் கடைசி ஆளாக வருஷா வருஷம் வேதாச்சலமும் நிற்பார். ஃபைல் தானாக ஓடுவதால் டிரெய்லரை விட்டு இறங்கி, சட்டைப்பையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். கேட்பது ஒரே கேள்வி. மகன் சிரஞ்சீவி சார்ஜாவுக்குப் போய் ஏழு வருஷம். தாயில்லாத பிள்ளை. முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு பொங்கலுக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது இன்னதுக்குத்தான் பேசவில்லை என்று ஒரு காரணம் இருந்திருக்கும். நன்றாகத்தான் இருக்கிறான், பார்த்தோம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அவ்வளவுதான்.

வருஷா வருஷம் அம்மா சொல்வாள், வருவான்டா என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வேதாச்சலம் அடுத்த ஆடி வரைக்கும் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்து, பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டையைத் தான் போடவில்லை என்பதில் இப்போது அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. செய்த கம்பெனிக்காரனும் போடவில்லை. தானாக விழுந்தது. அப்படியென்றால் அதன் வழியாக வந்த வாக்கும் தானாக வந்ததுதான். புதுப்பெட்டியிலும் அப்படி ஒரு ஓட்டையைப் போட முடியாதா என்றால் முடியும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக நிறுத்த அதில் பொத்தான் இருக்கிறது. ஆனால் தன் விரலால் வரவழைத்த அம்மாவிடம் போய், என் பிள்ளை வருவானா என்று எந்த முகத்தோடு கேட்பது?

சனிக்கிழமை வரதராஜனிடம் பழைய பெட்டியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். காரணம் சொல்ல முடியவில்லை. அம்மனுக்குப் பழகின சத்தம் என்று மட்டும் சொன்னார். வரதராஜன் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"ஊரே செல்லு மாத்திக்கினு கீது, நீ இன்னாத்துக்குய்யா இந்த டப்பாவக் கட்டிக்கினு அழுவுற?" என்றார். பிறகு வேதாச்சலத்தின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சரி, நாளைக்குப் புதுசுலயே பம்பையப் போடு. அம்மா வந்தா வெச்சிக்கலாம். வரலன்னா திங்கக்கெழமையே திருப்பதிக்கு பஸ் ஏத்திடலாம். இதுக்கு மேல இன்னா நியாயம் வேணும் உனக்கு?"

வேதாச்சலம் தலையாட்டினார். வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. புதுப்பெட்டியில் ஓட்டை இல்லை. அம்மா வரமாட்டாள். தான் ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பழைய பெட்டியே நின்றுவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் வரிசையில் நிற்கலாம். ஒரு வருஷம் வாக்கு இல்லாமல் இருந்துவிட முடியாதா என்ன? ஆனாலும் காய்கறிக்கடையைத் தாண்டும்போது பழக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேப்பிலை கட்டிய கூழ்ப்பானைகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் சொம்பும் தூக்கும் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மணியம்மா மஞ்சள் சேலையில் கையில் வேப்பிலையோடு வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். புருஷன் இல்லை, ஒரே மகளைச் சென்னையில் கொடுத்துவிட்டாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் பொழுது சாய்ந்து வருகிறவளோடு ஊரில் யாரும் நின்று பேசியதை வேதாச்சலம் பார்த்ததில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் ஊர் அவள் வாயைப் பார்க்கும்.

வேதாச்சலம் பொத்தானைத் தட்டினார். பம்பை எழும்பியது. வரதராஜனுக்கு முகமெல்லாம் பல். சத்தம் குளத்தங்கரை வரைக்கும் கேட்டது. மணியம்மா ஆடத் தொடங்கினாள். அடிக்கு அடி கால் சரியாக விழுந்தது. பத்து நிமிஷம் போனது. பிறகு இன்னொரு பத்து. அவள் கால் விழுந்துகொண்டே இருந்தது, தறியில் நாடா போய்வருகிற மாதிரி. நெற்றி வியர்வையில் குங்குமம் கரைந்தது. ஒரு முறை கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தாள். சாமி வரவேண்டியவள் கண்ணைத் திறக்கக் கூடாது.

கோயில் தர்மகர்த்தா பாலையா கையைத் தூக்கினார். வேதாச்சலம் ஃபைலை நிறுத்தினார். பெட்டியைப் பற்றித்தான் இப்போது யாராவது சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார்.

யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை.

"விரதம் சரியாத்தான இருந்த, மணி?" என்று பாலையா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இருந்தேண்ணா."

"தலையில தண்ணி ஊத்திக்கினு வா, போ."

பெண்கள் பக்கத்தில் பேச்சு தொடங்கியது. கேன்டீனில் கறிப்பாத்திரம் கழுவுகிற கை என்றாள் ஒருத்தி. கண்ட ஊர்க்காரனோடு பஸ்ஸில் போய் வருகிறாள், அம்மாவுக்குத் தெரியாதா என்றாள் இன்னொருத்தி. அடுத்த வருஷத்துக்கு வேறு யார் மேலாவது வருகிறாளா பார்க்கவேண்டும் என்று ஆண்கள் பக்கத்திலும் ஒரு குரல் சொன்னது. கூழுக்குக் காத்திருந்த பிள்ளை ஒன்று அழுதது. மணியம்மா அடிபம்பில் ஒரு குடம் தண்ணீரைத் தானே அடித்துத் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள். குடத்தைப் பிடிக்க யாரும் போகவில்லை. ஈரச் சேலையோடு வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். நிற்கும்போது சேலையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

வேதாச்சலம் இதை நினைக்கவே இல்லை. அம்மா வராவிட்டால் புதுப்பெட்டி போகும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். மணியம்மா போவாள் என்று போடவில்லை.

பம்பை மறுபடி எழும்பியது. மூன்று சுற்று பார்த்தார். நான்காவது சுற்றில் அவள் இடது கால் மேலே போனபோது கையை நீட்டிப் பம்பையை நிறுத்துகிற பொத்தானை அமுக்கி, ஓர் அடி விட்டு, எடுத்தார். கை தானாகப் போனது என்று அவரே பிறகு தனக்குச் சொல்லிப் பார்த்தார். அது பொய். தெரிந்துதான் அமுக்கினார்.

கால் அந்தரத்தில் நின்றது. உடம்பு முன்னால் சாய்ந்தது. ஈரமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, மணியம்மா இருந்த இடத்திலிருந்து வேறொரு குரல் கேட்டது. குலவை குளத்தங்கரைக்குப் போய்த் திரும்பியது. பாலையா கற்பூரத்தட்டோடு ஓடினார். வரதராஜன் டிரெய்லர் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பெட்டியைக் கும்பிட்டாரா வேதாச்சலத்தைக் கும்பிட்டாரா என்று தெரியவில்லை.

வாக்குக் கேட்க வரிசை சேர்ந்தது. வேதாச்சலம் வழக்கம்போல இறங்குவதற்காகக் காலைத் தொங்கவிட்டார். இரண்டு சுற்று சுத்தமாக ஓடியது. கீழே அம்மாவின் குரல் தடுமாறியது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கு பாதியில் நின்று, கண் திறக்கப் பார்த்தது. வேதாச்சலம் காலை மேலே எடுத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். குரல் மறுபடி நிமிர்ந்தது. பழைய பெட்டி தானாகச் செய்த வேலையை இனி ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டும். அதுவும் கணக்கு வைத்துச் செய்ய முடியாது. அவள் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய முடியும். விரலை எடுத்தால் அவள் எல்லார் முன்னாலும் வெறும் மணியம்மாவாகிவிடுவாள்.

ஆகவே அவர் இறங்கவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். மகளுக்கு வரன் கேட்டவள், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டவர், கம்பெனியில் நிரந்தரம் பண்ணுவார்களா என்று கேட்ட பையன்கள் என்று ஒவ்வொருவராகக் கழிந்தார்கள். கடைசி ஆளும் போன பிறகு அம்மா கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"இன்னும் ஒருத்தன் கீறான்டா" என்றாள்.

பாலையா சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. எல்லோரும் கூழ்ப்பானைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். டிரெய்லரில் வேதாச்சலம் பொத்தானில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இங்கிருந்தே கத்தினால்கூடக் கேட்டுவிடலாம். ஆனால் அந்த நீட்டிய கை, தான் இப்போது அமுக்கினால் நிற்கும், அமுக்காவிட்டால் விழும். அதனிடம் என்ன கேட்பது?

பாலையா அவள் நாக்கில் கற்பூரம் ஏற்றினார். அம்மா மலையேறினாள். மணியம்மா கீழே உட்கார்ந்தாள். ஒரு சின்னப்பெண் அவளுக்குச் சொம்பில் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக வேதாச்சலம் பழைய பெட்டியை ஓர் உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். மணியம்மா சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். தினமும் இதே இடத்தில்தான் நிற்பாள் போலிருக்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவளோடு பேசியதில்லை.

"சாக்குல இன்னாண்ணா?" என்று அவள்தான் கேட்டாள்.

"பழைய பொட்டி. திருப்பதில குடுத்துட்டு வரணும்."

அவள் தலையாட்டினாள். "வருசா வருசம் கடைசியா வந்து நிப்பியாமே. நேத்து நீ வரலன்னு பாலையா அண்ணன் சொல்லிச்சி."

"கைவேல இருந்திச்சி."

"இன்னா கேப்ப?" என்றாள். பிறகு அவசரமாக, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுண்ணா. கேட்டவங்களும் அப்பறம் எங்கிட்ட வந்து சொல்லமாட்டாங்கோ" என்றாள்.

வேதாச்சலம் சாக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எம் புள்ள எப்ப வருவான்னு."

"நான் இன்னா சொல்லுவேன்?"

"வருவான்னு."

"எத்தினி வருசமா?"

"ஏழு."

மணியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வருவான் என்று இப்போதும் சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சொல்லவில்லை. "எனக்கு இன்னா தெரியும்ணா" என்றாள். சொல்லிவிட்டு, "பேரு சிரஞ்சீவிதான? எம் பொண்ணோட படிச்சான். மூக்கு ஒழுகிக்கினே இருக்கும்" என்றாள்.

வேதாச்சலத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், ஒழுகும். எட்டு வயது வரைக்கும் ஒழுகியது. அவருக்கே மறந்துபோயிருந்தது.

கம்பெனி பஸ் வந்து நின்றது. உள்ளே பாதிப் பேர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணியம்மா ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கண்ணாடியைத் தள்ளினாள்.

"திருப்பதிலேர்ந்து எப்ப வருவ?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டார். நாகபூஷணம் கடை திறக்கப் பத்து மணி, பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் அனுப்ப அரைமணி, பிறகு காளஸ்திக்கு பஸ்.

"மூணு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன்" என்றார்.

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததோ என்னவோ. வேதாச்சலம் சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, திருப்பதி பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார்.